ஆனையூரும் அங்குசமும்

கேள்வி: மாநகராட்சி வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் வாசிக்கும்போது யானையாக இருக்கிறது, எங்கள் ஆனையூருக்கு வந்து சேரும்போது பூனையாகிவிடுகிறதே, ஏன்?
– ஆனையூர் வாசகர்

பதில்: யானை இருக்கட்டும், அங்குசத்தை எங்கே வைத்தீர்கள்?

2011-இல் தனி நகராட்சி என்ற ஸ்தானத்தை விட்டு, திருப்பரங்குன்றம், அவனியாபுரம் நகராட்சிகளோடு மதுரை மாநகராட்சியில் ஐக்கியமாகி, 72 வார்டுகள் 100 ஆகப் பெருகிய அந்த மகாசபையிலே தங்கள் குரல் நூற்றில் சில பங்காகச் சுருங்கிவிட்டதென்று ஆனையூர் ஜனங்கள் விசனப்படுவது முற்றிலும் நியாயமே. ஆயினும், 2022-ஆம் ஆண்டின் விதிகளால், கிராமத்தாருக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரவாசிகளுக்கும் பகுதி சபை என்றொன்று வாய்த்திருக்கிறது. அப்பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும், வேறு எந்தச் சிபாரிசும் வேண்டாமல், அதன் அங்கத்தினரே. சாக்கடையா, சாலையா, குடிநீரா, எது முதலில் என்று வகுத்து வார்டு குழுவுக்கு அனுப்பும் உரிமை அங்கேதான் இருக்கிறது. பட்ஜெட் வாசித்து முடிந்த பிறகு வருந்துவதில் பிரயோஜனமில்லை.

அடுத்த பகுதி சபைக்கு, உங்கள் தெருவின் தேவைகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.