கடைவாய்க்கு வந்த நாசா

பல் எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். அதைக் கரைக்க வாயின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் போதும். நாலு மணி டீயும் கிரீம் பிஸ்கட்டும் அந்த வேலையைச் சிரமமில்லாமல் முடித்துவிடும்.

பழுது பார்க்கத்தான் நாசா வரை போக வேண்டியிருந்தது. அதன் காப்புரிமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஜப்பானின் சங்கி நிறுவனம் 1980இல் ஹைட்ராக்ஸிஅபடைட் பற்பசையைக் கொண்டுவந்தது. எனாமல் எதனால் ஆனதோ, அதையே பொடித்துப் பல்லில் பூசும் வித்தை. 1993இல் ஜப்பான் அரசும் அதைச் சொத்தைத் தடுப்புப் பொருளாக ஏற்றது.

துகளின் அளவு நானோமீட்டர் கணக்கு. மீட்டரை நூறு கோடியாக வெட்டினால் அதில் ஒன்று. விலைதான் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. வெண்புள்ளியாகத் தெரியும் ஆரம்பச் சிதைவில் இந்தத் துகள்கள் போய் உட்கார்ந்து, இழந்த தாதுவை ஓரளவு ஈடுகட்டும், அதை மறுக்கவில்லை. குழி விழுந்த பிறகு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை, டாக்டரின் டிரில்தான் கதி. ஃபுளூரைடோ இதே வேலையை அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மலைபோல் குவிந்த ஆராய்ச்சிச் சான்றுகளோடு, மலிவாகச் செய்துகொண்டிருக்கிறது. பாவம், அதன் பெயரில் நானோ இல்லை.

எந்தப் பசையை வாங்கினாலும் சரி. இரவு பல் தேய்த்துவிட்டு, சர்க்கரை போட்ட பாலைக் குடித்துப் படுக்கிறவர்கள் அந்தக் காசை நேரே பல் டாக்டரிடமே கொடுத்துவிடலாம்.