வித்தவுட் டீயும் நாலு போண்டாவும்

கேள்வி: ரொம்ப வருஷமாக டீக்கடையில் 'வித்தவுட்'தான் குடிக்கிறேன். ஆனாலும் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கிற சர்க்கரை 250-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறதே?
– டீப்பிரியர், ஈரோடு

பதில்: டீயோடு கடித்துக்கொண்டது என்னவென்று எழுதவில்லையே! சரி, போண்டாவை விடுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவோம். நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, தயிருக்கு ஒருமுறை என்று வாங்கினால் 300 கிராம் சோறு அலுங்காமல் உள்ளே போய்விடும். ஆக, 84 கிராம் மாவுச்சத்து. குடலுக்குப் போனால் அத்தனையும் குளுக்கோஸ்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம் என்றால், கிட்டத்தட்ட 17 ஸ்பூன். காலையில் ஒரு ஸ்பூனைத் தியாகம் செய்துவிட்டு மத்தியானம் பதினேழை வாங்கிக்கொள்கிறீர்கள். தித்தித்தால்தான் சர்க்கரை என்று நினைக்கிறோம்; ரத்தத்துக்கு நாக்கு கிடையாது.

கேள்வி: ராத்திரியில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன். பாராட்ட மாட்டீர்களா?
– வைராக்கியசாலி, மதுரை

பதில்: எத்தனை சப்பாத்தி? அதை மட்டும் எல்லோரும் மறைத்துவிடுகிறீர்கள். மெல்லிய சப்பாத்தி ஒன்றிலேயே 20 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. ஐந்து சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா என்றால், விரட்டிய சோறு வேஷம் மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டது. கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த லாபத்தை மூன்றாவது சப்பாத்தி தின்றுவிடும். இரண்டோடு நிறுத்தி, பக்கத்தில் சுண்டலும் கீரையும் வைத்துக்கொண்டால் பாராட்டுகிறேன்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை ஒழித்துவிட்டுக் கருப்பட்டிக் காபி குடிக்கிறோம். நல்லதுதானே?
– குடும்பத்தலைவி, திருநெல்வேலி

பதில்: ருசி ஏறும், சர்க்கரையும் ஏறும். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். இரும்புச்சத்துக்காகத்தான் குடிக்கிறேன் என்பவர்கள் முருங்கைக்கீரை சாப்பிடலாம். ஆனால் அதை யாரும் இரண்டாவது டம்ளர் கேட்பதில்லை.

கேள்வி: சிறுதானியம் என்றால் அளவே பார்க்க வேண்டாமாமே? தினமும் கேழ்வரகுக் கஞ்சிதான் குடிக்கிறேன்.
– இயற்கை விரும்பி, தர்மபுரி

பதில்: 1981-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் சகாக்களும் 'கிளைசெமிக் இன்டெக்ஸ்' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளப்பது அது. இப்போது பொதுவாகக் குளுக்கோஸை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தானியத்தின் பெயரை வைத்து மட்டும் மதிப்பெண் விழுவதில்லை, அதை என்ன பாடு படுத்தினோம் என்பதையும் பொறுத்தது. கேழ்வரகை மாவாக நைஸாக அரைத்து, சலித்து, கூழாகக் கொதிக்கவிட்டால் பல்லின் வேலையும் குடலின் வேலையும் அடுப்படியிலேயே முடிந்துவிடுகிறது. டம்ளரில் மடக் மடக்கென்று போனது அதே வேகத்தில் ரத்தத்துக்கும் போகும். முழு வரகையோ சாமையையோ அளவாக வேகவைத்து, பருப்பும் காயும் நிறையச் சேர்த்து மென்று சாப்பிடுவது வேறு சங்கதி. பழத்துக்கும் இதே நியாயம்தான்: கொய்யாவைக் கடியுங்கள், ஜூஸாக்காதீர்கள்.

கேள்வி: லேபுக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பு பத்தியம் இருந்தால் ரிப்போர்ட் நன்றாக வருகிறது. டாக்டருக்கும் சந்தோஷம். இதில் தப்பென்ன?
– புத்திசாலி, கோயம்புத்தூர்

பதில்: அவர் அடுத்த தடவை 'ஹெச்பிஏ1சி' எழுதிக் கொடுக்கும் வரை தப்பில்லை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரையை வைத்து இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடுவார்கள். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. அதில் தீபாவளி லட்டும் தெரியும், பக்கத்து வீட்டு வளைகாப்பும் தெரியும்.

கேள்வி: கல்யாண வீட்டில் என்ன செய்வது? இலையைப் பார்த்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது.
– பந்திக்கு முந்துபவர், கும்பகோணம்

பதில்: முந்துங்கள், வரிசையை மட்டும் மாற்றுங்கள். இலை விரித்ததும் ஓரத்தில் இனிப்பு வந்து உட்காருகிறது. நாமும் அதில்தான் ஆரம்பிக்கிறோம். அமெரிக்காவில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2015-ல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். காயும் கோழியும் முதலில், ரொட்டியும் ஜூஸும் கால் மணி நேரம் கழித்து என்று சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை 37 சதவீதம் குறைவு. உங்கள் இலையிலும் பொரியல், கூட்டு, சுண்டல் எல்லாம் உண்டே! அவற்றை முதலில் முடியுங்கள், இரண்டாம் தடவையும் கேளுங்கள். அதற்குள் சோற்று வாளி உங்களைத் தாண்டிப் போயிருந்தால் அதிர்ஷ்டம்.

கேள்வி: பாகற்காய் ஜூஸ் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– கசப்புப் பிரியர், சேலம்

பதில்: கூடாது. பொரியலாகச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள்.

கேள்வி: சாப்பிட்டதும் சாய்ந்தால்தான் செரிக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். நடக்கச் சொன்னால் கோபம் வருகிறது.
– நடக்கத் தயாரானவர், தஞ்சாவூர்

பதில்: நான் உங்கள் கட்சி. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காமலும் குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தாலே வித்தியாசம் தெரியும். பார்க்குக்கெல்லாம் போக வேண்டாம், மொட்டை மாடி போதும். சாப்பிட்டு முடிக்கும் நேரமாகப் பார்த்து மாடியில் காயும் துணியை எடுத்து வரச் சொல்லுங்கள். எல்லாத் துணியையும் ஒரே தடவையில் அல்ல.