விளம்பர நிவாரண விசாரம்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புரவை நோக்கி ஏறும் சாலையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகட்டைத் தொடும் தறுவாயில் அமைந்த ரிவர்ஸ்டன் என்னும் பிரதேசம் காற்றுக்கும் மூடுபனிக்கும் பேர்போனது என்பதும், 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட இலங்கையின் மத்திய மலைநாட்டில் அத்தொடரும் அடங்கும் என்பதும் பூகோளம் கற்றோர் அறிந்தவையே. பூகோள நூல்கள் பேசாது விட்ட விசேஷம் ஒன்றுண்டு. அங்கே சிகரத்தில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று வானளாவி நிற்க, சற்றுத் தொலைவில் பிட்டவல பத்தனையின் புல்வெளி ஓரிடத்தில் சட்டென அறுந்து பள்ளத்தாக்கில் வீழ்வதால் அவ்விளிம்பைச் ‘சின்ன உலக முடிவு’ என்று அழைக்கின்றனர். உலகமே முடிந்துபோகும் அவ்விடத்திலும் கைப்பேசியைத் திறந்தால் சவர்க்கார விளம்பரம் முடிந்தபாடில்லை. இந்த முரண்பாடே நம் ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய்.

விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்வதே பெருந்தன்மை என்பார் உளர். அவர்கள் பெரும்பாலும் டேட்டாவை அளந்து வாங்காத தேசத்தினர். மாதப் பொதியாக இத்தனை கிகாபைட் என்று வாங்கி, அதிலும் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பின்னரே செல்லுபடியாகும் என்ற நிபந்தனைக்குத் தலைவணங்கி வாழும் மலையகக் குடும்பத்தின் நிலை வேறு. அரை நிமிஷம் ஓடும் விளம்பரப் படம் அக்குடும்பம் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவிலேயே வந்திறங்குகிறது; வேண்டாத பொருளை விற்க வரும் வியாபாரிக்கு வீட்டுக்காரனே பஸ் கட்டணமும் கொடுத்து அழைத்துவருவதற்கு இது ஒப்பாகும்.

இனி சரித்திரம். இணையத்தில் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டைப் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டு வகுத்தளித்தார். பட்டை வடிவிலான முதல் பெரிய விளம்பரம் ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் 1994 அக்டோபர் 27ஆம் நாள் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பொருட்டு உதயமாயிற்று. ஆகவே நோய் பிறப்பதற்கு 11 ஆண்டுகள் முன்னரே மருந்து பிறந்துவிட்டது என்பது பெறப்படும். வைத்திய சாஸ்திரத்தில் இதற்கு நிகரான சம்பவம் ஒன்று இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மருந்து வேலை செய்யும் விதம் எளியது. ஒரு பக்கத்தைத் திறந்ததும், அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் நிரலுக்கும் உரிய சேவகக் கணினியின் எண் என்னவென்று கைப்பேசி கேட்கிறது. அவ்வினாக்கள் எல்லாம் வீட்டிலுள்ள ஒரு சிறு பெட்டிக்கு வரும்படி செய்து, விளம்பர வீட்டாரின் பெயர்கள் அடங்கிய நீண்ட பட்டியல் ஒன்றை அப்பெட்டியிடம் கொடுத்துவிட்டால், பட்டியலில் உள்ள பெயர் வரும்போதெல்லாம் அது 0.0.0.0 என்ற சூனிய முகவரியைச் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் இருக்கும். பொய்யுரைக்கும் இந்த நற்பணிக்கென்று ஜேக்கப் சல்மெலா என்பவர் 2014இல் தொடங்கிய பை-ஹோல் என்னும் மென்பொருளையும், சிகரெட் பெட்டியளவே உள்ள ராஸ்பெரி பை கணினியையும் சேர்த்துக்கொள்வது மரபாயிற்று. பெட்டிக்கு மாறாத ஐ.பி. முகவரி ஒன்றை ஒதுக்கி, ரவுட்டரில், சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பக்கத்தில் டி.என்.எஸ். என்ற கட்டத்தில் அதை எழுதிவிட்டால் வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களும் அதன் ஆட்சிக்கு உட்படும். அந்தக் கட்டத்தை வாடிக்கையாளர் தொடவொட்டாமல் பூட்டிய ரவுட்டர்களும் உண்டு. அவ்விடத்து ரவுட்டரின் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டு, முகவரி வழங்கும் உத்தியோகத்தையும் பெட்டிக்கே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது கட்டம் ஒன்று பக்கத்தில் வெறுமையாக இருக்கும். அதைக் கண்டு மனம் பொறாது, ‘முதலாவது பழுதானால் உதவட்டும்’ என்று 8.8.8.8 என்ற பொது முகவரியை எழுதிவைப்போர் பலர். இரண்டாவது, முதலாவது வீழ்ந்த பிறகே அழைக்கப்படும் என்று எந்தச் சாதனமும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. தோன்றியபோது இதையும் தோன்றியபோது அதையும் கேட்பதால், விளம்பரம் காலையில் மறைந்து மாலையில் தோன்றும்; வீட்டார் அதற்குப் பஞ்சாங்கத்தில் காரணம் தேடுவர். ஐ.பி. ஆறாம் பதிப்பின் வழியாக ரவுட்டர் தன்னையே டி.என்.எஸ். என்று அறிவித்துக்கொள்ளும் புறக்கடை வாயிலும் இத்தகையதே. அதையும் அடைத்தாக வேண்டும்.

பிழை காணும் முறையே இச்சாஸ்திரத்தின் ஜீவன். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம் என்றும், பனிமூட்டத்தைப் புகையென மயங்கி அனுமானிப்பது போலி என்றும் தர்க்க நூலார் உதாரணம் காட்டுவர். சமவெளியில் இருந்து அதைப் படித்தவர்களுக்கு அது வெறும் உதாரணம். ரிவர்ஸ்டனில் அது அன்றாட வானிலை. கோபுரத்தை மேகம் விழுங்கிய வேளையிலும், காற்று ஏரியலைத் திருகிய வேளையிலும், மாதப் பொதி தீர்ந்த வேளையிலும், பெட்டி உண்மையாகவே படுத்துவிட்ட வேளையிலும் கைப்பேசித் திரையில் சுழல்வது ஒரே வட்டந்தான். ஆகையால் பிரமாணங்களை முறையாகப் பிரயோகிக்க வேண்டும். பெட்டியின் வினாப்பதிவேட்டைப் பார்ப்பது பிரத்தியட்சம்: பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தால் பெட்டி உயிரோடிருக்கிறது. பெயரைத் தவிர்த்து எண்ணால் மட்டும் ஒரு சேவகக் கணினியைப் பிங் செய்து பார்ப்பது அனுமானத்துக்கு உதவும்: எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வராவிடில் குற்றம் டி.என்.எஸ்.மேல், இரண்டுக்கும் வராவிடில் குற்றம் மலைமேல். மூன்றாவதாகிய ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தக்கோர் சொல், சேவை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, நெடுநேரச் சங்கீதத்துக்குப் பின் கிடைப்பது. அது எப்போதும் “ரவுட்டர ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க” என்ற ஒரே மகாவாக்கியமாக இருப்பதால், அதன் பிரமாணத் தகுதியை விவாதத்துக்கு விட்டுவிடுகிறோம்.

மின்வெட்டைப் பற்றித் தனியே கூறவேண்டும். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தை நினைவுகூர்வோர், கடிகாரத்துக்கும் விளம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வினவமாட்டார்கள். ராஸ்பெரி பையின் பழைய பதிப்புகளில் பற்றரியால் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பியதும், தான் உறங்கப்போன நேரமே இன்னமும் நடப்பதாக அது எண்ணிக்கொள்ளும். டி.என்.எஸ். விடைகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டி.என்.எஸ்.செக் என்ற ஏற்பாட்டையும் வீட்டுத்தலைவர் ஆர்வமிகுதியால் இயக்கிவைத்திருந்தால், இன்றைய கையொப்பங்கள் நாளைக்கு உரியவை போலத் தோன்றி நிராகரிக்கப்படும். சரியான நேரத்தைக் கேட்டறிய நேர சேவகனின் பெயருக்கு எண் வேண்டும். எண் பெறக் கையொப்பம் செல்ல வேண்டும். கையொப்பம் செல்ல நேரம் தெரிய வேண்டும். சக்கரகம் என்று தர்க்கத்தில் கண்டிக்கப்படும் தோஷத்தை ஓர் இயந்திரம் இத்துணை நேர்த்தியாக நடித்துக்காட்டுவதை வேறெங்கும் காண்பதரிது. நேர சேவகனைப் பெயரால் அன்றி எண்ணாலேயே குறித்துவைத்தால் தோஷம் நிவர்த்தியாகும்.

இயந்திரத்தின் கோளாறுகள் இவ்வளவே. எஞ்சியவை குடும்பத்தின் கோளாறுகள். அவற்றுக்குக் கட்டளை கிடையாது. இரத்தோட்டைப் பக்கத்து வீடு ஒன்றைப் பொதுமாதிரியாகக் கொள்வோம். தீபாவளி நெருங்கும்போது மருமகள் சேலை விலை தேடுவாள். தேடல் விடையின் தலைப்பில் நிற்கும் கட்டண இணைப்பைத் தொடுவாள். அது பட்டியலில் உள்ள பெயராதலால் பக்கம் திறவாது. “கடைய மூடிட்டாங்களா, இல்ல ஒங்க பெட்டி மூடிருச்சா?” என்று கேட்பாள். பேரனின் வழக்கு இன்னும் நுட்பமானது. அவனுடைய விளையாட்டில் விளம்பரம் ஒன்றை முழுதும் பார்த்தால் தங்கக் காசு கிடைக்கும். உலகம் வெறுக்கும் ஒன்றை உழைப்பாக மதித்துக் கூலி பெறும் அந்தத் தொழிலாளியின் வருவாயை ஒரே இரவில் அழித்தவர் அவனுடைய தகப்பனார். அவன் கிளர்ச்சி செய்யாமல், 2018இல் வந்த ஆண்ட்ராய்டு ஒன்பதாம் பதிப்பு முதல் கைப்பேசியிலேயே இருக்கும் தனிப்பட்ட டி.என்.எஸ். என்ற அமைப்பில் வேறொரு சேவகனின் பெயரை எழுதி, குடும்ப ஆட்சியிலிருந்து சத்தமின்றிப் பிரிந்து சென்றான். அப்பாயியின் முறைப்பாடோ இதற்கு நேர்மாறு. முருகன் பாட்டுக்கு நடுவே யூடியூபில் விளம்பரம் இன்னமும் வருகிறதே என்பது அவருடைய ஆதங்கம். பாட்டும் விளம்பரமும் ஒரே பெயருடைய கிடங்கிலிருந்து வருவதால், விளம்பரத்தை மறித்தால் முருகனையும் மறிக்க வேண்டும் என்று விளக்கினால், “அப்ப எதுக்குய்யா அந்தப் பெட்டி?” என்கிறார். இவ்வினாவுக்குத் தொழில்நுட்ப நூல்களில் விடை இல்லை.

அனுமதிப் பட்டியல் என்பது இந்த முறைப்பாடுகளின் வண்டல். மருமகளின் கடை ஒன்று, பாடசாலைச் செயலி ஒன்று, வங்கிச் செயலி ஒன்று என்று சேர்ந்து வருவதைப் படித்தாலே வீட்டில் யாருடைய குரல் ஓங்கியிருக்கிறது என்பது விளங்கும். வருங்காலச் சமூகவியலார் மக்கள்தொகைக் கணக்கை விட இப்பட்டியல்களை விரும்பிச் சேகரிப்பர் என்று கருதுகிறோம்.

காரணகாரியத்தைத் துணிய அன்வய வியதிரேகம் என்ற பரீட்சை உண்டு: ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருப்பதும், இல்லாதபோது இல்லாததும் கண்டால் அதுவே காரணம். மேற்படி மாதிரி வீட்டில் இப்பரீட்சையையும் செய்து பார்க்கலாம். பை-ஹோலின் முகப்பில், அதன் காவலைத் தற்காலிகமாகவோ காலவரையறையின்றியோ நிறுத்திவைக்கும் பொத்தான் ஒன்றுண்டு. அதைக் காலவரையறையின்றி அழுத்திவிட்டு, எவரிடமும் சொல்லாமல் இருந்தால் போதும். சவர்க்காரமும் தங்கக் காசும் திரும்பி வரும். மேகம் கோபுரத்தின்மேல் இறங்கிய அன்று மாலை, சுழலும் வட்டத்தைப் பார்த்தபடி வீட்டார் அனைவரும் ஒரே குரலில் கேட்பர்: “அந்தப் பெட்டிய இன்னமும் கழட்டலையா?”