எட்டாவது அதிசயம்

கொல்கத்தாவின் நியூ டவுன் 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் சொன்ன மத்திய அரசின் விதிகள் வந்ததும் அதே ஆண்டுதான். ஈக்கள் இரண்டு அறிவிப்பையும் படிக்கவில்லை.

மழைக்காலம் என்றால் இங்கே இலிஷ் மீன். தலையைக்கூட வீணாக்காத ஊர். மிஞ்சுவது செதிலும் குடலும். அவை பாலிதீன் பைக்குள் போய், இறுக முடிச்சிடப்பட்டு, காலை வண்டிக்காகப் பால்கனியில் காத்திருக்கும். முடிச்சுப் போட்டால் நாற்றம் அடங்கும் என்பது படித்த குடும்பங்களின் நம்பிக்கை. பைக்குள் ஈரமும் புழுக்கமும் கிடைத்த பாக்டீரியாக்களுக்கு அது கல்யாண மண்டபம். முடிச்சு சற்றுத் தளர்ந்தால் போதும், ஈ ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை இடும். வெக்கையில் ஒரே நாளில் புழு, பத்து நாளுக்குள் இறக்கை. இ.எம்.ஐ. கட்டாமல் அடுக்குமாடியில் குடியேறுகிறவர்கள் இவர்கள் மட்டுமே.

நீரை வடித்து, கழிவைச் செய்தித்தாளில் சுற்றி, டப்பாவில் அடைத்து, வண்டி வரும்வரை ஃப்ரீசரில் வைத்தால் தீர்ந்தது. சொன்னால், “ஃப்ரிட்ஜிலா குப்பை?” என்று முகம் சுளிப்பார்கள். நேற்றுவரை அதே செதில் அங்கேதான் இருந்தது, மீனோடு.

அருகிலேயே ஈகோ பார்க்கில் ஏழு உலக அதிசயங்களின் மாதிரிகள் நிற்கின்றன. மூடியுள்ள, அந்த மூடி மூடியும் இருக்கிற ஒரு குப்பைத்தொட்டியை எட்டாவதாக வைக்கலாம். டிக்கெட் வாங்கிப் பார்க்க நான் தயார்.