டிப் ஸ்டிக் பிரமாணம்: மணலி புதுநகரை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஒரு பொருளை மெய்யாக அறிவதற்குரிய வழிகள் இத்தனை என்று வரையறுப்பதில் நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் ஒருநாளும் ஒருவரோடொருவர் இணங்கியதில்லை. பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்கு வேண்டும் என்பர் நையாயிகர். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றிலே எல்லாம் அடங்கிவிடும் என்பது சைவ சித்தாந்திகளின் துணிபு. கண்ணால் கண்டதற்கு மேல் பிரமாணமே கிடையாது என்று சார்வாகர் ஒரே வீச்சில் முடித்துவிடுவர். இச்சாரார் எவரிடத்தும் சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி இல்லாமற் போனதே இவ்வழக்கு இத்தனை நூற்றாண்டு தீராமல் இழுத்ததற்குக் காரணம் என்பது நமது பணிவான அபிப்பிராயம். ஏனெனில், இன்ஜின் ஆயிலின் அளவு என்கிற அற்ப விஷயம் ஒன்றில் மூன்று பிரமாணங்களும் ஒரே சமயத்தில் வந்து நின்று ஒன்றையொன்று மறுக்கும் விசித்திரத்தைக் காணலாம். பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பவன் காட்சிவாதி. வண்டி நின்ற இடத்தில் சொட்டுக் கறை இல்லை, ஓடும்போது ‘கடகட’ இல்லை, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரியவில்லை, ஆகவே ஆயில் இருக்கத்தான் வேண்டும் என்பவன் அனுமானவாதி. ‘கம்பெனியில் பார்த்துவிட்டார்கள், பில்லில் போட்டிருக்கிறது’ என்று கூறி நித்திரை போகிறவனோ ஆப்தவாக்கியத்தில் அசையாத நம்பிக்கை வைத்த ஆஸ்திகன்.

இவர்களுள் அனுமானவாதியை ஒரு வாக்கியத்திலேயே கண்டித்து அனுப்பிவிடலாம். அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதன்று, அழுத்தத்தைச் சொல்வது. அது எரிவதைக் கண்டு ஆயில் குறைந்திருக்குமோ என்று ஒருவன் யோசிக்கத் தொடங்கும்போது, பேரிங்குகள் தேய்மானத்தின் முதல் அத்தியாயத்தை முடித்திருக்கும்.

ஆராய்ச்சிக்கு மணலி புதுநகரைத் தேர்ந்துகொண்டது ஏன் என்று கேட்பார்க்கு விடை எளிது. இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும், ஈரான் தேசத்து எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து 1965-இல் நிறுவி, 1969-இல் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், அதாவது இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், நம் ஊருக்கு அண்மையில் நின்று இரவும் பகலும் புகை போக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே பெட்ரோல், டீசலோடு மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் இறங்குகிறது. அதிற் கலக்கும் ரசாயனச் சரக்குகளைச் செய்யும் இந்தியன் அடிட்டிவ்ஸ் தொழிற்சாலையும் மணலியிலேயே இருக்கிறது. குடிப்பதற்கு எண்ணெய் இங்கே பிறக்க, குடிக்கும் இயந்திரங்களோ சற்றுக் கிழக்கே பிறந்தன: 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிப் பிறகு 1955-இல் அசோக் லேலண்டாகி லாரிக்கு மாறியது, என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூரில் உருண்டது. இத்தகைய க்ஷேத்திரத்தில் வசிப்பவர்கள் இவ்விஷயத்தில் ஞானிகளாக இருப்பார்கள் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் இங்கிருந்து மூல எண்ணெயாகப் போனது, எங்கோ கலவையாகி, பளபளக்கும் டப்பாவில் சீல் வைக்கப்பட்டு, மாதவரம் பக்கத்துச் சர்வீஸ் சென்டரில் பன்மடங்கு விலையோடு தரிசனம் தரும்போது, நம்மவர் அதனைக் கடல் கடந்து வந்த அமிர்தம்போல் பயபக்தியோடு நோக்குகிறார்கள்.

இந்த ஊரில் காட்சிவாதம் அழியாமல் இருப்பது டிரெய்லர் டிரைவர்களால்தான். துறைமுகத்துக்குள் நுழைய முறை வருமட்டும் பொன்னேரி நெடுஞ்சாலையோரம் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் வண்டிகளின் நடுவே விடியற்காலையில் நடந்து போகிறவர்க்கு, ‘ஆயில் தண்ணி பாத்தியாடா?’ என்று டிரைவர் அண்ணன் கிளீனர்ப் பையனைக் கேட்கும் குரல் காதில் விழாமற் போகாது. அப்பையன் செய்வதைக் கூர்ந்து கவனித்தவர்கள் சிலரே. அவன் இடுப்பில் செருகியிருப்பது பனியன் வேஸ்ட். பனியன் கம்பெனிகளில் கழித்துக்கட்டிய நிறநிறமான துணிச்சுருள். இரும்புக் கோலை உருவுகிறான். அதில் தெரிவதைப் பாராமலே வேஸ்டால் அடிவரை துடைக்கிறான். மறுபடி முழுக்கச் செருகி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி உருவி, கோலைப் படுக்கையாகப் பிடித்து, விடிவெளிச்சத்தின் பக்கம் திருப்பி, நுனியின் இரண்டு கோடுகளுக்கிடையே எண்ணெய் எங்கே நிற்கிறதென்று கண்ணை இடுக்கிக்கொண்டு வாசிக்கிறான். முதல் உருவலில் தெரிவது ஓடிய வண்டி குழாய்ச் சுவரெல்லாம் தெறித்துப் பூசிய மாயை. துடைத்தபின் தெரிவதே சத்தியம். இவ்வளவு பெரிய பேதத்தை ஒருவர் சொல்லாமல் அறிந்திருக்கும் பையனை, டிப் ஸ்டிக்கை ஒருமுறை உருவி முகர்ந்து பார்த்து மூடிவிடும் நம் போன்ற படித்தவர்கள் குருவாக ஏற்பதில் இழுக்கில்லை.

சாதாரணக் கார்களில் அவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குறிக்கும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போவது ஆபத்து என்பது குழந்தைக்கும் தெரியும். மேற்கோட்டைத் தாண்டுவதும் ஆபத்து என்பதுதான் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. தாராளமாக ஊற்றிய எண்ணெயைக் கிராங்க் ஷாஃப்ட் சுழன்று அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்றிருக்குமேயன்றி மசகு இராது. மிஞ்சியது சீல் வழியாகக் கசிந்து வெளிநடப்புச் செய்யும். ‘இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, நல்லாத்தானே இருக்கும்’ என்னும் விருந்தோம்பல் இன்ஜினிடத்தில் செல்லாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கையேடும் விதிக்கிறது. விதித்தவர்கள் மணலி புதுநகருக்கு வந்ததில்லை. நாற்பதடி டிரெய்லர்கள் உழுத சாலையில் நான்கு சக்கரமும் நான்கு வித உயரத்தில் நிற்பதே இயற்கை. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிப் பார்க்கலாம் என்றால், அவர் அதைக் காருக்குக் கொடுத்தால் கட்டடத்துக்கு எதை வைப்பார்? இதற்கு நாம் கண்டுபிடித்த உபாயம் ஒன்றுண்டு. மழைவிட்ட மறுநாள் தெருவில் தேங்கி நிற்கும் நீரின் விளிம்பெல்லாம் ஒரே மட்டம் என்பது பௌதிக சாஸ்திரம். நான்கு சக்கரங்களும் அவ்விளிம்பைத் தொட்டு நிற்குமாறு வண்டியை நிறுத்தினால் அதனினும் துல்லியமான சமதளம் வேறில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வசதிக்கு நம் பக்கம் குறைவே கிடையாது. அதற்குமேல் வேண்டுமாயின் 2023 டிசம்பரை நினைத்துக்கொள்ளலாம்: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியபோது, எர்ணாவூர்ப் பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் மீன்பிடிப் படகுகளின் பக்கவாட்டிலும் ஒரே மட்டமாகக் கறுப்புக் கோடு இழுத்திருந்தது. அந்த அளவை வாசிக்க எவருக்கும் டிப் ஸ்டிக் தேவைப்படவில்லை. துடைப்பதற்குத்தான் வேஸ்ட் போதவில்லை.

அடுத்து, சூட்டுக் கட்சிக்கும் குளிர்ச்சிக் கட்சிக்கும் உள்ள விவகாரம். காலையில் வண்டியை எடுக்குமுன் பார்க்க வேண்டும், எண்ணெயெல்லாம் இறங்கிச் சட்டியில் அடங்கியிருக்கும் என்பது குளிர்ச்சிக் கட்சி. ஓட்டி நிறுத்திச் சில நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது சூட்டுக் கட்சி. பெரும்பாலான கார்களில் இரண்டும் அதிக வித்தியாசமின்றி வரும். கையேடு எந்தக் கட்சியோ அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவது உத்தமம். ஆனால் திருவொற்றியூர்ப் பழைய புல்லட் இவ்விஷயத்தில் தனி மதம். அதன் எண்ணெய் தனித் தொட்டியில் இருப்பது. வண்டி பல நாள் நின்றால் எண்ணெய் மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிட, தொட்டியில் குச்சி விட்டுப் பார்ப்பவன், ‘ஐயோ, குறைந்துபோயிற்றே’ என்று அரை லிட்டர் ஊற்றுவான். உதைத்துக் கிளப்பியதும் இறங்கியதெல்லாம் மேலே திரும்பி வந்து, ஊற்றியதோடு சேர்ந்து, வெளியே வழியும். தரையில் எண்ணெய்க் கறை இல்லாத புல்லட் வீட்டைக் காண்பது அரிது என்னும் உலக வழக்கில் ஒரு பாதிக்கு இந்தத் தப்பான தரிசனமே காரணம் என்று சந்தேகிக்கிறோம்.

நிறம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோரும் உளர். டீசல் வண்டியில் புதிதாக ஊற்றிய எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் உத்தியோகம். கறுப்பைக் கண்டு அஞ்சற்க. மோர்நிறமாகத் திரண்டிருந்தால் மட்டும் அஞ்சுக, அது ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்த அறிகுறி. இதனினும் அதிசயம், ஊற்றாமலே எண்ணெய் ஏறுவது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் கார்களில் வைத்த கரிவடிகட்டி, தன் கரியைத் தானே எரித்துச் சுத்தி செய்துகொள்ளத் தடையற்ற ஓட்டம் வேண்டும். டிரெய்லர் வரிசைக்குப் பின்னே ஊர்ந்தே பிழைக்கும் காரில் அந்த யாகம் பாதியில் நின்று, எரியாத டீசல் சட்டியில் இறங்கி ஆயிலோடு கலக்கும். கோலில் மட்டம் ஏறியிருப்பதைக் கண்டு, ‘நம் வண்டி ஆயிலே குடிப்பதில்லை’ என்று பூரிக்கிறவர்கள் உண்டு.

இனி ஆப்தவாக்கியம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காலடி வைத்தவுடன் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் சோபாவும் காபி இயந்திரமும், அப்பால் நம் வண்டியும் என்று ஜீவாத்மா, பரமாத்மா பிரிவு நேர்ந்துவிடுகிறது. நடுவே சர்வீஸ் அட்வைசர் என்னும் ஆசாரியர், ஜாப் கார்டைக் கையில் ஏந்தி நிற்கிறார். கேட்ட வேலை ஆயில் மாற்றுவதொன்றாயிருக்க, டீகார்பனைசிங், ஏசி கிருமி நீக்கம், அடிப்பாகப் பூச்சு என்று பரிகாரங்கள் அடுக்கடுக்காக எஸ்டிமேட்டில் எழுகின்றன. அவரைக் குற்றம் சொல்வது நம் நோக்கமன்று. அவருக்கும் மாதக் கடைசியில் டார்கெட் என்னும் சனி உண்டு. ஆயினும், கண்ணாடிக்கு அப்பால் என்ன நடக்கிறதென்பது சொந்தக்காரனுக்கும் தெரு மெக்கானிக்குக்கும் தெரியாமலிருப்பதில் சிலருக்கு லாபம் உண்டென்பது நம் கற்பனையன்று. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டவிடாமல் செய்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. இவ்வளவு ரகசியங்களுக்கு மத்தியில், கையேடும் கம்ப்யூட்டரும் வேண்டாமல், எந்தப் பாமரனும் விரல் மாட்டி இழுத்து எந்தப் பண்டிதரையும் சோதிக்கும்படி விட்டுவைத்திருப்பது டிப் ஸ்டிக்கின் தலையிலுள்ள அந்த மஞ்சள் வளையம் ஒன்றே. விலையுயர்ந்த சில கார்களில் அதையும் எடுத்துவிட்டுத் திரையில் படமாகக் காட்டுகிறார்களென்பதை இவ்விடத்தில் வருத்தத்தோடு குறித்துக்கொள்கிறோம்.

ஆயிலின் கோத்திரப் பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. 5 டபிள்யூ 30 என்று டப்பாவில் பொறித்திருப்பதில் டபிள்யூவுக்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எத்தனை இளக்கமாக ஓடும் என்பது பற்றியது. சுழியத்தில் தொடங்கும் இன்னும் உயர்ந்த சாதியை, ‘இதுதான் சார் லேட்டஸ்ட்’ என்று சிபாரிசு செய்கிறார்கள். கையேடு அதைக் கேட்டால் ஊற்ற வேண்டியதுதான். கேட்காத பழைய வண்டிக்கு அதை வாங்குபவர், பனி பொழிகிற இமாசலத்து மணாலிக்கு உரிய சிலாக்கியத்தை வெயில் பொழிகிற மணலிக்காக விலைகொடுத்து வாங்குகிறார்.

பில்லை எடுத்துக்கொண்டால், ஆயிலின் அளவு தசமத்தில் எழுதப்பட்டிருப்பதே அதன் நம்பகத்தன்மைக்கு முக்கிய ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. ரிஃபைனரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று எங்கள் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர், நாள் முழுதும் டாங்கிகளில் அளவுகோல் விட்டுப் பழகியவராதலால், தசமத்துக்கு மயங்காதவர். அவருடைய காரின் கையேட்டில், ஃபில்டரோடு சேர்த்து, 3.5 லிட்டர் என்றிருக்க, பில்லில் 4.0 என்று கண்டு, டெலிவரி எடுக்குமுன் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

‘சார், இப்ப வண்டி சூடா இருக்கு, பாக்கக் கூடாது’ என்றார் அட்வைசர்.

‘பரவாயில்ல தம்பி, ஒரு டீ சொல்லுங்க, ஆறட்டும்’ என்றார் நண்பர்.

டீ வந்தது. கோலை உருவித் துடைத்து மறுபடி உருவினால், எண்ணெய் மேற்கோட்டைத் தாண்டி அரை விரற்கடை நின்றது. பக்கத்தில் நின்ற மெக்கானிக், எண்ணூர்க்காரர், எட்டிப் பார்த்து, ‘இன்னா சார், மேல கீது. எடுத்துர்லாம்’ என்று ஒரே வாக்கியத்தில் பூர்வபக்ஷமும் சித்தாந்தமும் சொல்லி முடித்தார். வண்டி மறுபடி லிஃப்ட்டில் ஏறி, அரை லிட்டர் வெளியே வந்தது. அதற்கான பணத்தைக் கழிக்கச் சொன்னபோது, ஒருமுறை இஷ்யூ ஆன ஆயிலைச் சிஸ்டம் ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளாது என்றார் அட்வைசர். சிஸ்டத்தோடு வாதிட முடியாதென்பது நண்பருக்கும் தெரியும். அவர் கோரியது ஒரு காலி வாட்டர் பாட்டில் மட்டுமே. துடைத்த வேஸ்டுக்குக் கன்ஸ்யூமபிள்ஸ் என்ற தலைப்பில் ஏற்கனவே காசு பிடித்திருந்ததால், அதையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ‘பத்துக்குப் பத்து குடுங்க சார், கம்மியா குடுத்தா எங்களுக்குப் பிரச்சினை’ என்று சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் மதிப்பெண் கேட்டுப் போன் செய்தபோது, அந்தப் பெண்ணின் வேலைக்கு இரங்கிப் பத்தும் கொடுத்தார். பாட்டில் எண்ணெய் எங்கள் தெருவுக்குப் பொதுச் சொத்தாயிற்று. உப்புக் காற்றுக்குத் துருவேறி அலறிக்கொண்டிருந்த பதினோரு வீட்டு இரும்புக் கேட்டுகளின் கீல்களில் அந்த வேஸ்டை முக்கித் தடவி முடித்தும், இன்னும் கால் பாட்டில் அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. வேண்டுவோர் பாத்திரம் கொண்டு வரலாம் என்கிறார்.