சுவர் ஏறும் சீரியல் ரசிகர்கள்

பெய்ஜிங்கில் இருக்கும் தம்பிக்கு யூடியூப் பார்க்க ஆசை. 2009 முதல் சீனாவில் அதற்குத் தடை. எனவே இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு, அந்த இணையத் தடைச் சுவரில் ஏறி வெளியே குதிக்கிறார். லண்டனில் படிக்கும் அக்காவுக்கோ யூகூ என்ற சீன வீடியோ தளத்தில் புதுத் தொடர் பார்க்க ஆசை. உங்கள் பகுதியில் இதைப் பார்க்க இயலாது என்று திரை கைவிரிக்கிறது. ஒளிபரப்பு உரிமை சீன எல்லையோடு நின்றுவிட்டதாம். அவர் இன்னொரு விபிஎன் போட்டு உள்ளே குதிக்கிறார். இக்கரைக்கு அக்கரை பச்சைதான். ஆனால் படகுக்காரருக்கு இரண்டு கரையிலிருந்தும் மாதச் சந்தா.

குதித்தால் மட்டும் போதுமா? கணக்குத் தொடங்கச் சீன மொபைல் எண் கேட்கும் செயலிகள் ஏராளம். ஓடிபி வர வேண்டுமென்றால் அந்த +86 எண் உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் வெளிநாட்டுச் சீனர் பலர் ஊர் சிம்மை விடுவதில்லை. யாருமே அழைக்காத எண்ணுக்கு ஊரில் அம்மா ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பார். பிள்ளைக்கு இன்னும் ஊர்ப் பாசம் போகவில்லை என்று அவர் நெகிழ்ந்துபோயிருக்கக்கூடும். நாம் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்!

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. வேறு தொல்லை இருந்தது. ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சித் தொடர்கள் வீடியோ கேசட்டாக மேலைநாட்டு சைனா டவுன் கடைகளுக்கு வந்து சேரும். வாடகைக்கு எடுக்கலாம். நடிகர் சௌ யுன் ஃபட்டை நட்சத்திரமாக்கிய 1980ஆம் ஆண்டின் 'தி பண்ட்' அப்படித்தான் கடல் கடந்தது. முதல் நான்கு கேசட்டை வாங்கிப் போனவர் ஊருக்குப் போய்விட்டால், மற்றவர்கள் ஐந்தாவதிலிருந்து கதையை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது உலகத் தளங்களே சீனத் தொடர்களைத் தருகின்றனவே என்று கேட்கலாம். தருகின்றன, ஆனால் எப்படி என்பதுதான் வேடிக்கை. ஜென் ஹுவான் என்ற பெண் அந்தப்புரத்தில் படிப்படியாக உயர்வதைச் சொல்லும் 2011ஆம் ஆண்டுத் தொடருக்கு 76 எபிசோடுகள். 2015இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது அவை 90 நிமிடம் வீதம் ஆறே பாகங்களாகியிருந்தன. ஏறத்தாழ 57 மணி நேரச் சதி, 9 மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்! சாவகாசமாகத் தேநீர் குடித்தபடி ஒருவரையொருவர் ஒழித்துக்கட்டிய பட்டத்தரசியும் துணைவியரும், கடைசி பஸ்ஸைப் பிடிப்பவர்கள்போல அவசரப்பட்டார்கள். அந்தப்புர அரசியலுக்கு நிதானம்தான் உயிர். அதை வெட்டியவருக்கு மாமியார் வீட்டு அனுபவம் போதாது.

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். ஜியாங்சு தொலைக்காட்சி 2010இல் தொடங்கிய 'இஃப் யூ ஆர் தி ஒன்' என்ற மாப்பிள்ளை பார்க்கும் நிகழ்ச்சியை, அந்நாட்டின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி 2013 முதல் ஆங்கில சப்டைட்டிலோடு ஒளிபரப்பியது. மேடையில் 24 பெண்கள். வந்த ஆள் பிடிக்கவில்லையென்றால் எதிரே உள்ள விளக்கை அணைத்துவிடுவார்கள். எல்லா விளக்கும் அணைந்தால் மாப்பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பலாம். சீன மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத ஆஸ்திரேலியர்களும் இதற்கு ரசிகர்களானார்கள். தொகுப்பாளர் மெங் ஃபெய்யின் மொட்டைத் தலை அங்கேயும் பிரபலம். நிராகரிப்புக்கு விபிஎன் தேவையில்லை போலும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை, 1983 முதல் ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் சீன அரசுத் தொலைக்காட்சி நடத்தும் கலைநிகழ்ச்சி. பெய்ஜிங்கில் இரவு 8 மணிக்குத் தொடக்கம். அப்போது லண்டனில் நண்பகல், நியூயார்க்கில் காலை 7, லாஸ் ஏஞ்சலிஸில் விடியற்காலை 4. போன வருஷம் இதைவிட நன்றாக இருந்தது என்று திட்டிக்கொண்டே பார்ப்பதும் அந்தப் பண்டிகையின் வழக்கம்தான். திட்டுவதற்காக 4 மணிக்கு அலாரம் வைப்பவரின் தேசபக்தியைச் சந்தேகிக்க முடியாது. இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் அவர் சுவர் ஏற வேண்டியதும் இல்லை. சீன அரசுத் தொலைக்காட்சியே அதை வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக யூடியூபில் நேரலையாகத் தருகிறது.