கல்தொடர்க் குற்றியலுகரம்

சொல்லின் ஈற்றில் வல்லினத்தின் மேல் ஏறி நிற்கும் உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகினால், அது குற்றியலுகரம். இதை ஆறு வகையாகப் பிரித்துவிட்டு நம் இலக்கணிகள் ஓய்ந்துவிட்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காலத்தில் ஜீப் இல்லை. ஏழாவது வகையாகிய கல்தொடரை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம்: கொழுக்குமலை. சுமார் 7,900 அடி உயரம். மலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜீப் ஏறுவதோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. உடைமைப் பொருளில் ஆறாம் வேற்றுமை தமிழ்நாட்டுக்கு, நீங்கல் பொருளில் ஐந்தாம் வேற்றுமை கேரளத்துக்கு என இரு மாநிலங்களும் இம்மலையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன.

கருவி: நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப், எதிரெதிரே நீளவாட்டில் இரண்டு பின்னிருக்கைகள், அவற்றில் நாங்கள். நேரம் விடியற்காலை நான்கு மணி. தேயிலைச் சரிவில் தார் முடிந்ததும், கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கம்பியை ஓட்டுநர் இழுத்தார். வேகம் குறைந்து இழுவிசை கூடும் என்பது பொறியியல். இன்ஜின் உறுமும், இருக்கை மட்டும் முன்னேறும், நாம் பின்தங்குவோம் என்பது அனுபவம்.

முதற்சான்று: என் நண்பர் "பார்த்துப் போங்கண்ணே" என்றார். சக்கரம் அந்நேரம் பாறையில் ஏறவே, நெடில் குறிலாகி, ரகர ஒற்றும் கெட்டு, "பத்துப் போங்கண்ணே" என வெளிவந்தது. "பத்து எங்கண்ணே போறது? இந்தக் கல்லுல எட்டே ஜாஸ்தி" என்றார் ஓட்டுநர்.

இரண்டாம் சான்று: முதுகு உயிர்த்தொடர். இடுப்பு, கழுத்து வன்தொடர். எலும்பு, நெஞ்சு மென்தொடர். மார்பு இடைத்தொடர். மலைப்பாதையில் வலிக்கும் உறுப்புகள் எல்லாம் குற்றியலுகரத்தில் முடிவது தற்செயலாகாது. தலை அப்படி முடியவில்லையே என்று மறுப்பர். அது மேற்கம்பியில் இடித்து ஐகாரக்குறுக்கமாயிற்று.

புறனடை: செய்யுளில் ஓசை குறையுமிடத்து எழுத்து அளபெடுக்கும். இங்கே பாதை குறையுமிடத்து அளபெடுக்கிறது. ஒரு பக்கச் சக்கரத்தருகே மலை முடிந்து மேகம் தொடங்கிய வளைவில், எதிர் இருக்கைக்காரர் "அம்மாஅஅ" என்றது இதற்கு எடுத்துக்காட்டு.

கல் + தொடர் 'கற்றொடர்' என்றல்லவா புணர வேண்டும் எனப் பண்டிதர் கேட்கலாம். அந்தப் பாதையில் எந்தக் கல்லும் எதனோடும் புணர்ந்திருக்கவில்லை. காலடி பட்டாலே விலகி உருளுகிறது. ஆகவே இயல்பாகவே விட்டிருக்கிறேன்.

குறுகாத ஒருவர் ஓட்டுநர் மட்டுமே. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தம் மகளின் பள்ளிக்கூடக் கதையை மாத்திரை சிதறாமல் சொல்லிவந்தார். கம்பியை இரு கைகளாலும் பற்றியிருந்த எங்களுக்குத்தான் ஒரு சொல்லும் முழுதாக வாய்க்கவில்லை.

உச்சியில் சூரியன் எழும்போது கடையில் "டீ" என்றேன். இரண்டு மாத்திரையும் குறையாமல் ஒலித்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது:

"ஏறுங்கண்ணே, இறங்கணும்."

முரண்தொடைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. முதுகு மட்டும் அதை ரசிக்கவில்லை.